மோட்டார் ஏன் துள்ளுகிறது?

மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றும்போது வண்டி ஒரு துள்ளுத் துள்ளும். பின் ஆசனத்திலிருக்கும் பாட்டியின் தலை முன் ஆசனத்தில் இடிக்கும். உடனே, "உனக்கு இது வராது" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஓட்டுவது பெண்ணாயிருந்தால் தீர்ப்பின் கடுமை இன்னும் ஒரு பங்கு அதிகம். விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது நியாயமன்று. ஆகவே நாம் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

இயந்திரத்தையும் சக்கரங்களையும் சேர்த்து வைப்பது கிளச்சு. அதை மிதித்தால் இரண்டும் பிரிகின்றன; காலை எடுத்தால் மறுபடி கூடுகின்றன. பிரிந்திருந்தபோது அவற்றின் வேகங்கள் பொருந்தாமற் போய், அந்த நிலையில் திடீரென்று கூடுமானால் வண்டி துள்ளாமல் என்ன செய்யும்? ஒரே நுகத்தடியில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று ஓட, மற்றொன்று நடந்தால் வண்டியிலிருப்போர் கதி என்னவோ, அதுவேதான் இது.

சரி, நாலாவது, ஐந்தாவது கியர்களில் இந்தத் துள்ளல் அவ்வளவாக இல்லையே, ஏன்? இங்கே சிறிது கணக்குப் போடவேண்டும். நேயர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஒரு சிறிய காரில் முதல் கியரின் விகிதம் 3.5, இரண்டாவதன் விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் இயந்திரம் நிமிஷத்துக்கு 3,500 சுற்றுச் சுற்றினால், அதே வேகத்தில் வண்டி இரண்டாவதில் செல்ல 2,000 சுற்றே தேவை. வித்தியாசம் 1,500. நாலாவதன் விகிதம் 1, ஐந்தாவதன் விகிதம் 0.8 என்றால், 2,500 சுற்றிலிருந்து 2,000-க்கு இறங்கினால் போதும். வித்தியாசம் 500 தான்.

மற்றொரு காரணமும் உண்டு. கீழ் கியர், இயந்திரத்தின் முறுக்கு விசையைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. நிற்கும் வண்டி நகர்வதும், மேடு ஏறுவதும் அதனால்தான். ஆனால் பலத்தைப் பெருக்குகிற கியர் பிழையையும் பெருக்கும். ஐந்தாவதில் தெரியாமற்போகும் சிறு கால் அசைவு, முதல் கியரில் உடம்பையே உலுக்கிவிடும்.

1928-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் காடிலாக் மோட்டார்களில் 'ஸிங்க்ரோமெஷ்' என்னும் அமைப்பு வந்தது. கியர்ப் பெட்டிக்குள் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி, அவை உராய்ந்து அலறுவதை அது தடுத்தது. ஆனால் இயந்திரத்தையும் சக்கரத்தையும் இணக்கும் பொறுப்பு இன்றும் ஓட்டுகிறவரின் காலில்தான் இருக்கிறது. மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கியர். ஆதலால் அவற்றில் இந்த உபத்திரவம் இல்லை.

பரிகாரம் எளிது. முதல் கியரில் இயந்திரத்தை வீணாகக் கதறவிடலாகாது. இரண்டாவதற்கு மாற்றியதும், இயந்திரத்தின் ஓசை தணியக் கணநேரம் பொறுத்து, கிளச்சு பிடிக்கத் தொடங்கும் இடத்தில் காலை நிதானமாய் எடுக்கவேண்டும். கீழே மாற்றுகையில் விஷயம் தலைகீழ்: இயந்திரம் வேகம் ஏறவேண்டும். எனவே வண்டியை நன்றாக மெதுவாக்கி, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்திய பின்னரே கிளச்சை விடுவது நலம். பழகிய கைக்கும் துள்ளல் நிற்காவிடில், கிளச்சுத் தகடோ, இயந்திரத்தைத் தாங்கும் ரப்பரோ தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சன்று. நெரிசலான பஸ்ஸில் இடுப்பில் குழந்தையுடன் நிற்கும் தாய்க்கும், கம்பியைப் பற்றி நிற்கும் முதியவருக்கும் ஒரு துள்ளல் போதும், கீழே விழ. அவர்கள் பத்திரமாக வீடு சேர்வது ஓட்டுகிறவரின் இடது காலிலுள்ள பொறுமையைப் பொறுத்தது.