தனியா படகுல போறப்போ பேக்கப் யாரு?

போன அக்டோபர்ல பியூஜெட் சவுண்ட்ல ஒரு நாள் சின்ன மோட்டார் படகுல தனியா சுத்தினேன். சியாட்டில் பக்கம், நிலத்துக்குள்ள நீளமா நுழைஞ்ச கடல் அது. அலை இல்ல, நல்ல வெயில். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி சீட்ல போட்டுட்டேன். மதியம் நங்கூரக் கயிறை எடுக்கக் குனிஞ்சப்போ கால் வழுக்குச்சு. கம்பியைப் பிடிச்சதால தப்பிச்சேன்.

விழுந்திருந்தா? வெயில் அடிச்சாலும் அங்க தண்ணி சுமார் 12 டிகிரிதான். முதல் 1 நிமிஷம் மூச்சு நம்ம கன்ட்ரோல்ல இருக்காது. சுமார் 10 நிமிஷத்துல கை கால் மரத்துடும். உடம்புச் சூடு இறங்கி மயங்க கிட்டத்தட்ட 1 மணி நேரம் ஆகும். ஆனா ஜாக்கெட் இல்லாதவங்க பலர் அதுக்கு முன்னாடியே மூழ்கிடுறாங்க, நீச்சல் தெரிஞ்சவங்களும்தான்.

இன்னொரு சிக்கல்: ஆள் விழுந்தாலும் படகு ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் கில் ஸ்விட்ச் கயிறு. ஒரு முனை இன்ஜின் ஸ்விட்ச்ல, இன்னொண்ணு உங்க மேல. நீங்க விழுந்தா கயிறு கழண்டு இன்ஜின் நின்னுடும்.

இப்போ எனக்கு ஒரே ரூல்: ஜாக்கெட், கயிறு, வாட்டர்ப்ரூஃப் உறையில போன், மூணும் என் உடம்புல. திரும்புற நேரம் ரூம்மேட்டுக்குத் தெரியும். அக்டோபர் கடைசியில அங்க 6 மணிக்கே இருட்டத் தொடங்கிடும், ஞாபகம் வச்சுக்கோங்க.