நூற்றுக்கு நாலு!

நெய்வேலியிலே மண்ணைத் தோண்டினார்கள். பழுப்பு நிலக்கரி கிடைத்தது. 1956-லே நிறுவனம் பிறந்தது. 1957-லே நேரு பண்டிதர் வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-லே அங்கே மின்சாரம் பிறந்தது. அன்றைக்கு நெய்வேலியும் விழுப்புரமும் திண்டிவனமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள். 1993-லேதான் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்ததே தவிர, மின்கம்பி பிரியவில்லை. விழுப்புரத்திலே பண்ருட்டி வழியாகப் பஸ் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்திலே நெய்வேலி வளைவு வந்துவிடும்.

மின்சாரத்தை வாங்குவோர் நாம். வீட்டிலே விளக்கு எரிகிறது, கழனியிலே மோட்டார் ஓடுகிறது, கட்டணமும் கட்டுகிறோம். சரி, அந்த மின்சாரம் செய்வோருக்குப் பொருள் விற்போர் யார்? என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

மின்நிலையம் என்றால் நிலக்கரி மட்டுமா? மலைபோல நகரும் வாளிச் சக்கர எந்திரங்கள், கல் தொலைவுக்குக் கல் தொலைவு நீளும் கன்வேயர் பெல்ட், அதைத் தாங்கும் ஆயிரக்கணக்கான உருளைகள், போல்ட்டு, நட்டு, வால்வு, பெயிண்ட், கையுறை, தொழிலாளியின் காலணி, தலைக்கவசம், உணவுக்கூடத்து அரிசி, வாடகைக் கார், வளாகம் கூட்டும் வேலை வரை அத்தனையும் யாரோ விற்க, நிறுவனம் வாங்குகிறது. மாநில மின்வாரியத்தின் பக்கம் திரும்பினால் கம்பம், குறுக்குச் சட்டம், பீங்கான் இன்சுலேட்டர், மீட்டர்ப் பெட்டி. கோடி கோடியாகப் பணம் புரளும் சந்தை இது. இந்தச் சந்தையிலே கடை விரிக்க யாருக்கு இடம்? சேரியிலே பிறந்தவனுக்கு உண்டா? தாலியை அடகு வைத்துத் தையற்கூடம் நடத்தும் பெண்ணுக்கு உண்டா?

வேலையிலே இடம் கேட்டது பழைய கதை. 1928-லே முத்தையா முதலியார் வகுப்புவாரி ஆணையைச் செயலுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்தப் போர் நடந்து வருகிறது, வென்றதும் உண்டு. ஆனால், அரசின் பணம் சம்பளமாக மட்டுமா வெளியே போகிறது? கொள்முதலாகவும் போகிறது. முன் வாசலிலே குமாஸ்தாவாக நுழைய வழி திறந்தாயிற்று. பின் வாசலிலே, பொருள் ஏற்றிய லாரி நுழைகிற வாசலிலே, இன்னும் பழைய காவல்!

இதை முதலிலே கண்டுபிடித்தவர் நாமல்ல. 1942-லே டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய்க்கு ஒரு மனு கொடுத்தார். மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்தக்காரர் பட்டியலை எடுத்து எண்ணிக் காட்டினார். மொத்தம் 1,171 பேர். அதிலே தாழ்த்தப்பட்ட வகுப்பார் எத்தனை பேர்? ஒருவர்! ஒரே ஒருவர்! அதே அம்பேத்கர்தான் அடுத்த ஆண்டுகளிலே வைஸ்ராய் குழுவின் உறுப்பினராக இருந்து நாட்டின் மின்சாரக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர் என்பதைப் பலர் மறந்தே போனார்கள். மின்சாரத்தையும் அவர் பார்த்தார். ஒப்பந்தத்தையும் அவர் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நாட்டுக்கு எழுபது ஆண்டு ஆயிற்று.

ஆம், 2012-லேதான் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தாம் வாங்குவதிலே நூற்றுக்கு 20 பங்கைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள்ளே 4 பங்கு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடமிருந்து. 2018-லே 20 என்பது 25 ஆயிற்று. பெண்கள் நடத்தும் தொழிலுக்கு 3 பங்கு என்று புதிதாகச் சேர்த்தார்கள். நெய்வேலி நிறுவனம் பொதுத்துறை. ஆகவே அதற்கும் இந்த ஆணை உண்டு.

ஏட்டிலே இருப்பது நாட்டிலே நடந்ததா? நாடு முழுவதுமுள்ள பொதுத்துறைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், 25 என்கிற பெரிய இலக்கைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு, மார்தட்டிக் கொண்டார்கள். ஆனால் 4 என்கிற சின்ன இலக்கு? 2018-19 முதல் தொடர்ந்து சில ஆண்டுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! பெண்களுக்கான மூன்றும் அதே கதி. அண்டா நிறைந்தது, அகப்பை மட்டும் நிறையவில்லை. விந்தையல்லவா!

விந்தை ஒன்றுமில்லை. ஆணையிலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். தாழ்த்தப்பட்டோர் தொழில்கள் டெண்டரிலே கலந்து கொள்ளாவிட்டால், அல்லது நிபந்தனையையும் விலையையும் எட்டாவிட்டால், அந்த நாலு பங்கை மற்றச் சிறுதொழில்களிடமிருந்து வாங்கி நிரப்பிக் கொள்ளலாம் என்பது அது. பந்தியிலே இலை போட்டுவிட்டு, 'அவர் வரவில்லை, ஆகவே அடுத்தவர் உட்காரலாம்' என்பதைப் போல. அழைப்பு அவர் தெருவுக்குப் போயிற்றா என்று கேட்பாரில்லை. ஒதுக்கிய வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் முறை நியமனத்திலே உண்டு. கொள்முதலிலே மட்டும் ஏன் இல்லை? இந்த ஆண்டு நிரம்பாத பங்கு அடுத்த ஆண்டுக் கணக்கிலே கடனாக ஏறட்டும். கடன் ஏறினால் தேடுவார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

திண்டிவனத்திலே ஒரு சிறு பட்டறை என்று வைத்துக் கொள்வோம். முதலாளியும் அவரே, வெல்டரும் அவரே. மீட்டர்ப் பெட்டி செய்கிறார், குறுக்குச் சட்டம் செய்கிறார்; தரத்திலே குறையில்லை. டெண்டருக்குப் போகிறார். மத்திய ஆணைப்படி வைப்புத்தொகை கட்ட வேண்டாம், டெண்டர் படிவத்துக்கும் பணமில்லை. நல்லதுதான். மிகக் குறைந்த விலைக்கு மேலே நூற்றுக்கு 15 வரை அவர் விலை போட்டிருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்தால் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். இதுவும் நல்லதே. ஆனால் இதே போன்ற சப்ளையை முன்னர் இத்தனை லட்சத்துக்குச் செய்த சான்று எங்கே, மூன்றாண்டு விற்றுமுதல் எங்கே என்று கேட்டால்? முன் அனுபவம் இருந்தால்தான் ஆர்டர். ஆர்டர் கிடைத்தால்தான் முன் அனுபவம்! தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகிவா என்கிறார்கள். இந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று மத்திய அரசே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 'தளர்த்தலாம்' என்றுதான் இருக்கிறது. 'லாம்' என்ற அந்த ஒற்றை எழுத்துச் சேர்க்கையிலே எத்தனை பட்டறைகளின் அடுப்பு அணைந்து கிடக்கிறது!

இன்னொரு வேலியும் உண்டு. செய்யும் பொருளுக்கும் ஆற்றும் சேவைக்கும்தான் ஆணை. கட்டுமான வேலை ஒப்பந்தம் அதிலே சேராது. மின்துறையிலே பெரும்பணம் போவதே கட்டுமானத்திலேதானே?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடகம் தன் டெண்டர்ச் சட்டத்தைத் திருத்தி, 50 லட்ச ரூபாய் வரையுள்ள வேலைகளிலே நூற்றுக்கு 24.1 பங்கை இவ்வகுப்பாருக்கு ஒதுக்கியது. 2023-லே அந்த வரம்பை ஒரு கோடியாக உயர்த்தியது. மத்திய ஆணை நம் மாநில மின்பகிர்மானக் கழகத்தைக் கட்டுப்படுத்தாது. நம்மைக் கட்டுப்படுத்திக் கொள்ள வேண்டியவர் நாமே. தமிழ்நாட்டிலே 2023-லே அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது. நூற்றுக்கு 35 மூலதன மானியம், 6 வட்டி மானியம். பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் எந்திரம் வாங்கப் பணம் கொடுத்த கை, அந்த எந்திரம் செய்யும் பொருளை வாங்கவும் நீள வேண்டாமா? பட்டறை திறந்து வாடிக்கைக்காரரில்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு மானியமும் கடனாகத்தான் முடியும்.

விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. திண்டிவனம் தனித்தொகுதி. வானூர் தனித்தொகுதி. 2011 கணக்குப்படி அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலே நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் தாழ்த்தப்பட்டோர். வாக்குப் பெட்டியிலே தனி இடம் தந்த நாடு, டெண்டர்ப் பெட்டியிலே தருவது நூற்றுக்கு நாலு. அந்த நாலும் வந்து சேரவில்லை என்பதுதான் நம் வழக்கு.

'தரம் போய்விடுமே!' என்று அங்கலாய்ப்போர் உண்டு. அமெரிக்கத்துக் கலிபோர்னியாவிலே 1986-லே சட்டம் செய்தார்கள். 1988-லே 156 என்ற எண் கொண்ட பொது ஆணை வந்தது. மின்சார, எரிவாயு, தொலைபேசி நிறுவனங்கள் தாம் வாங்குவதிலே 15 பங்கு சிறுபான்மையினரிடம், 5 பங்கு பெண்களிடம், ஒன்றரைப் பங்கு ஊனமுற்ற முன்னாள் படைவீரரிடம் என்பது இலக்கு. தவறினால் தண்டனையா? இல்லை. ஆண்டுக்காண்டு கணக்கை ஊரறிய வெளியிட வேண்டும், அவ்வளவே. பெரிய ஒப்பந்தக்காரர் தமக்குக் கீழே யாருக்கு வேலை கொடுத்தார் என்ற கணக்கும் அதிலே சேரும். இலக்கைத் தாண்டினார்கள்! அங்கே விளக்கு அணைந்துவிடவில்லை. வெட்கம் சில வேளைகளிலே தண்டனையைவிட நன்றாக வேலை செய்கிறது.

பினாமி என்ற கள்ளனையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டு நிறுவனமானால் 51 பங்கு அவ்வகுப்பாரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்திலே 51 அவருக்கு, கல்லாப் பெட்டியின் சாவி வேறொருவருக்கு என்ற ஏற்பாடு நாட்டிலே புதிதல்ல. காகிதத்தைப் பார்த்தால் போதாது. பட்டறைக்குப் போய்ப் பாருங்கள், அதிகாரிகளே!

சரி, ஆர்டரும் கிடைத்து, பொருளும் போய்ச் சேர்ந்தது. பணம்? 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாள் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது. எவன் கேட்பான் அந்த வட்டியை? கேட்டவனுக்கு அடுத்த டெண்டர் உண்டா என்ற அச்சம் அவன் வாயைக் கட்டுகிறது. பெரிய முதலாளி ஆறு மாதம் பொறுப்பான். மீட்டர் வட்டிக்கு இரும்புத் தகடு வாங்கியவன் ஆறு வாரம்கூடப் பொறுக்க மாட்டான். பட்டறையை விற்றுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறுவான். விழுப்புரம் சந்திப்பிலே ஐந்து திசைக்கும் வண்டி உண்டல்லவா! வட்டியை அவன் கேட்காமலே, 46-ஆம் நாள் கணக்கிலே தானாக ஏற்றிவிட என்ன தடை?

பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டுதோறும் கொள்முதல் திட்டத்தை வெளியிட வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அதனோடு ஒரு பட்டியலும் சேரட்டும். இந்த மாவட்டத்திலே எத்தனை தாழ்த்தப்பட்டோர் தொழில்களிடம் வாங்கினோம், எத்தனை பெண்கள் தொழில்களிடம் வாங்கினோம், எத்தனை ரூபாய்க்கு, எத்தனையாவது நாளிலே பணம் கொடுத்தோம் என்று மாவட்ட வாரியாகப் போடுங்கள். மாநில மின்பகிர்மானக் கழகமும் போடட்டும். விழுப்புரம் என்ற தலைப்பைத்தான் நாம் முதலிலே புரட்டிப் பார்ப்போம்.