மெலிந்த உடலும் பொருந்தாத சட்டையும்

உடற்பருமனைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்ன நாள்முதல் சோற்றின் அளவைக் குறைத்து, தேநீருக்குச் சீனி சேர்ப்பதை விட்டு, மாலைதோறும் ஒரு மணி நேரம் நடந்து, ஓராண்டில் 12 கிலோ எடை குறைந்த சகோதரி ஒருவரை நாம் அறிவோம். நீரிழிவு கட்டுக்குள் வந்தது. படியேறும்போது கண்ட மூச்சிரைப்பும் நின்றது. வைத்தியர் பாராட்டினார், வீட்டாரும் மகிழ்ந்தனர். ஆயினும், நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் புறப்பட வேண்டிய நாளன்று அவர் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார்.

காரணம் இதுதான். பருமனாயிருந்த காலத்தில் தைத்த சட்டைகள் யாவும் தோளை விட்டு நழுவின. தையற்காரியிடம் கொடுத்து இருபக்கமும் ஒடுக்கித் தைத்த சட்டைகளோ மார்பை இறுக்கின. முன்புறக் கொழுக்கிகளுக்கிடையே துணி வாய் திறந்து நின்றது. இடையும் கழுத்தும் கைகளும் மெலிந்திருக்க, மார்பு மட்டும் முன்னையிலும் பெரிதாகத் தோன்றுவதாக அவருக்குப் பட்டது. “இவ்வளவு பாடுபட்டும் என்ன பயன்?” என்று சொல்லி அன்று அவர் திருமணத்திற்கே போகவில்லை.

இவ்விடயத்தைப் பற்றி நம் வீடுகளில் தாழ்ந்த குரலிற்றான் பேசுகிறோம். பல வீடுகளில் அதுவுமில்லை. தாயாரிடம் கேட்க மகள் கூசுகிறாள். தையற்காரியிடம் விளக்கமாகச் சொல்லத் தாயாருக்கும் நா எழுவதில்லை. முடிவில், குறை தம் உடலிலேயே இருப்பதாக எண்ணிப் பெரிய சால்வையொன்றால் போர்த்திக்கொள்கிறார்கள். உண்மையில் குறை உடலிலன்று, சட்டையின் அளவிலேயே இருக்கிறது. அதனைத் திருத்தும் வழியும் மிக எளியது.

ஏன் இவ்வாறு நேர்கிறது?

மார்பகம் பாற்சுரப்பித் திசுவும் கொழுப்பும் சேர்ந்த உறுப்பு. இவ்விரண்டும் எந்த அளவிற் கலந்துள்ளன என்பது பெண்ணுக்குப் பெண் வேறுபடும். கொழுப்பு மிகுந்திருப்பவர்களுக்கு எடை குறையும்போது மார்பும் நன்றாகக் குறையும். சுரப்பித் திசு மிகுந்திருப்பவர்களுக்கு அவ்வளவாகக் குறைவதில்லை. உடலின் எப்பகுதியிலிருந்து கொழுப்பு முதலிற் கரைய வேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது. அது பெரும்பாலும் பிறவியமைப்பைப் பொறுத்தது. மார்புக்கென்று செய்யும் தேகப்பயிற்சிகள் அடியிலுள்ள தசையை வலுப்படுத்துமேயன்றி, மேலுள்ள கொழுப்பை மட்டும் தனியே கரைக்கமாட்டா.

மேற்சொன்ன சகோதரியின் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். முன்னர் அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே அளந்தபோது 39 அங்குலம். மார்பின் நிறைவான இடத்தில் 42 அங்குலம். இப்பொழுது மேலே 35, நிறைவான இடத்தில் 40. மார்பும் 2 அங்குலம் குறைந்தே இருக்கிறது. ஆனால் மேற்பகுதி 4 அங்குலம் குறைந்துவிட்டதால், இரண்டுக்குமிடையே 3 அங்குலமாயிருந்த வேறுபாடு 5 அங்குலமாகிவிட்டது. மார்பு பெருத்துவிட்டதாக அவர் எண்ணியதன் உண்மை இவ்வளவே.

தையற்காரியின் கணக்கு

நம் ஊர்களிற் சட்டை வெட்டுவோரிற் பலர் மார்புச் சுற்றளவு ஒன்றையே அடிப்படையாகக் கொள்கின்றனர். அதன் நாலில் ஒரு பங்கு உடற்பகுதிக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு கழுத்தின் அகலத்துக்கு என்று பகுத்து மற்றை அளவுகளைப் பெறுகின்றனர். சராசரி உடலமைப்புக்கு இக்கணக்கு நன்றாகவே பொருந்தும். மார்பு நிறைந்து தோள் மெலிந்தவருக்கு அது பொருந்தாது. 40 அங்குலத்தை வைத்து வெட்டினால் கழுத்தும் கைக்குழியும் அகன்று தோள் நழுவும். தோளுக்குப் பொருந்தட்டும் என்று அளவைக் குறைத்து வெட்டினால் கொழுக்கி பூட்ட முடியாது.

பக்கத் தையலை இருபுறமும் ஒடுக்குவதும் இவ்வாறே பிழையாகிறது. நிறைந்த மார்புடையவருக்குச் சட்டையின் முன்பாகம் பின்பாகத்தை விட அகலமாயிருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவாகப் பிடித்தால், தளர்ந்திருக்கும் முதுகுப்புறத்துக்கு அது போதாது. இடம் வேண்டிய முன்புறத்துக்கோ அது மிகை.

அளவெடுக்கும் முறை

வீட்டில் ஓர் அளவு நாடாவும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தாற் போதும். வழக்கமாக அணியும் உள்ளாடையுடன் நேராக நின்று, தமக்கையோ தாயாரோ அளக்கும்படி செய்தல் நன்று. மாதவிலக்குக்கு முந்திய நாட்களிற் சிலருக்கு மார்பு சற்று வீங்கியிருக்குமாதலால், அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும். குறிக்க வேண்டிய அளவுகள் ஆறு.

முதலாவது, அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே செல்லும் சுற்றளவு. இரண்டாவது, மார்பின் நிறைவான இடத்துச் சுற்றளவு. மூன்றாவது, மார்புக்குக் கீழே விலாவை ஒட்டிய சுற்றளவு. நான்காவது, சட்டையின் கீழ் விளிம்பு வந்து முடியும் இடத்துச் சுற்றளவு. ஐந்தாவது, கழுத்தை ஒட்டிய தோள் முனையிலிருந்து மார்பின் முகடு வரையுள்ள நீளம். ஆறாவது, ஒரு முகட்டிலிருந்து மறு முகடு வரையுள்ள அகலம்.

முதலிரண்டு அளவுகளுக்கும் இடையே 2 அங்குல வேறுபாடு இருந்தால் சாதாரண வெட்டே போதுமானது. அதற்கு மேற்பட்டால், முதலாவது அளவுடன் 2 அங்குலத்தைக் கூட்டி, வருகின்ற அளவுக்கே கழுத்தையும் தோளையும் கைக்குழியையும் வெட்ட வேண்டும். நம் சகோதரியின் மேலளவு 35. ஆகவே 37 அங்குலச் சட்டைக்குரிய தோளும் கழுத்துமே அவருக்குப் பொருந்தும். மீதியான 3 அங்குலத்தை முன்பாகத்தில் மட்டும் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலமாகக் கூட்டிவிட வேண்டும். தையற்காரியிடம் இதனை இவ்வாறே சொல்லலாம். வாயாற் சொல்லக் கூச்சமாயின் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

கூட்டிய துணியை மார்பின் வடிவுக்கு அமைப்பது, தையற்காரர் ‘டாட்’ என்று சொல்லும் கூர்மடிப்பாகும். கீழிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கைக்குழியிலிருந்து ஒன்று எனச் சிறு மடிப்புகள் பலவாக இருப்பின் துணி மென்மையாக வளைந்து அமையும். ஒரே பெரிய மடிப்பாயின் அதன் நுனி கூம்பி நிற்கும். மடிப்பின் நுனி முகட்டை நோக்கியிருக்க வேண்டும். ஆனால் முகட்டுக்கு ஏறத்தாழ 1 அங்குலம் முன்னரே முடிந்துவிட வேண்டும். எடை குறைந்தபின் மார்பு சற்றுத் தாழ்வது இயல்பு. பழைய சட்டையை அளவுக்காகக் கொடுத்தால் மடிப்பின் நுனி மேலே வந்துவிடும். ஐந்தாவது அளவைப் புதிதாக எடுக்கச் சொல்வது இதனாலேயே. தோளிலிருந்து மார்பின் முகட்டினூடே இடை வரை ஒரே தையலாக இறங்கும் ‘பிரின்சஸ்’ வெட்டும் இத்தகைய உடலமைப்புக்கு மிக நன்றாகப் பொருந்தும்.

பழைய சட்டைகளை வீசிவிட வேண்டியதில்லை. கைகளைப் பிரித்தெடுத்து, தோளை உள்வாங்கி, முதுகுப் பாகத்தில் மட்டும் ஒடுக்கி, முன்மடிப்புகளைப் புதிய இடத்துக்கு மாற்றித் தைத்தால் அநேக சட்டைகள் மீண்டும் பயன்படும். மிக அகலமாக வெட்டிய கழுத்தைத் திருத்துவது மட்டும் கடினம்.

உள்ளே அணிவது

சட்டை எவ்வளவு திறமையாக வெட்டப்பட்டாலும் உள்ளே அணியும் மார்புக் கச்சை பொருந்தாவிடின் அது சரியாக அமையாது. எடை குறைந்தவர் முதலில் மாற்ற வேண்டியது இதனையே. பலர் கடைசியாகக்கூட இதனை மாற்றுவதில்லை. மார்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உடலைச் சுற்றிய பட்டி, தோள்நாடா அன்று. பட்டி தளர்ந்தால் அது முதுகில் மேலே ஏறும். மார்பு முன்னே தாழும். அதனை ஈடுசெய்யத் தோள்நாடாவை இறுக்குவோம். தோளிற் குழி விழுவதும் கழுத்து வலிப்பதும் இதனாலேயே பலருக்கு நேர்கின்றன.

மேலே சொன்ன மூன்றாவது அளவே பட்டியின் அளவுக்கு வழிகாட்டி. இரண்டாவது அளவுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு கிண்ணத்தின் அளவைக் காட்டும். 1 அங்குலத்துக்கு ஏ, 2க்கு பி, 3க்கு சி, 4க்கு டி என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேற்பட்ட எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறுபடுமாதலால் அணிந்து பார்த்தே வாங்க வேண்டும். நம் சகோதரிக்கு மார்பின் கீழளவு 38 இலிருந்து 34 ஆகக் குறைந்திருந்தது. அவரோ பழைய 38 ஐயே அணிந்துவந்தார். பட்டியின் அளவு குறையும்போது கிண்ணத்தின் எழுத்து உயர்வது கணக்கின் விளைவேயன்றி வெட்கப்படத்தக்கதன்று. புதிய கச்சையின் பட்டி, கடைசிக் கொழுக்கித் துளையில் மாட்டும்போதே இதமாகப் பொருந்த வேண்டும். நாளடைவில் அது தளரும்போது உள்ளே உள்ள துளைகள் பயன்படும்.

1978 இல் கட்டுநாயக்கவில் முதலீட்டு வலயம் தொடங்கிய பின்னர், ஆடை தைத்து ஏற்றுமதி செய்வது நம் நாட்டின் முதன்மையான கைத்தொழிலாக வளர்ந்துள்ளது. அதில் உள்ளாடைக்குப் பெரும் பங்குண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெண்கள் தம் அளவறிந்து வாங்கும் மார்புக் கச்சைகளை நம் சகோதரிகளின் கைகளே தைக்கின்றன. அத்தகைய நாட்டில், தம் அளவைத் தாமே அறியாத பெண்கள் பலர் இருப்பது வருந்தத்தக்கது.

வெட்டும் துணியும்

கழுத்தை ஒட்டிய மூடிய வட்டக் கழுத்து, தோள் முதல் இடை வரை வெறும் துணிப்பரப்பாகக் காட்டி மார்பைப் பெரிதாக்கும். அடக்கமான ஆழத்துடன் ‘வி’ வடிவிலோ ‘யூ’ வடிவிலோ அமைந்த கழுத்து அப்பரப்பைப் பிரித்துக் கழுத்தை நீளமாகக் காட்டும். கையின் விளிம்பு மார்பின் நேரே முடிந்தால் பார்வை அங்கேயே நிற்கும். ஆதலால் கையை அதற்குச் சற்று மேலேயோ, முழங்கை வரையோ வைப்பது நன்று. சுருக்கு வைத்த கையும், மார்பின் குறுக்கே செல்லும் பட்டி வேலைப்பாடும், முன்புறப் பையும் வேண்டியதில்லை. முன்கொழுக்கிகளை நெருக்கமாக வைத்து, உள்ளே ஒரு பட்டியும் தைத்துவிட்டால் துணி வாய் திறவாது.

சேலையில் மிகுந்த கஞ்சி போட்ட பருத்தியும் ஓர்கண்டி போன்ற விறைப்பான துணியும் மார்பின் முன்னே உப்பி நிற்கும். மென்மையான கைத்தறிப் பருத்தி, வாயில், பட்டு ஆகியன உடலோடு படிந்து கீழே விழும். முந்தானையை அளவான மடிப்புகளாக எடுத்துத் தோளில் ஊசி குத்தினால், அது குறுக்கே பரந்து நில்லாமல் நீளவாட்டில் இறங்கும். பஞ்சாபி அணியும் மாணவியருக்கும் இதே விதி பொருந்தும். தோளுக்குச் சரியான அளவில் வாங்கி, மார்பில் இடம் போதாவிடின் பக்கத் தையலின் உட்துணியை விடுவிக்க வேண்டும். மார்புக்காகப் பெரிய அளவை வாங்கினால், மெலிந்த உடலும் அதற்குள் பருமனாகவே தோன்றும்.

எடை இன்னும் குறைந்துகொண்டிருக்கும்போது எல்லாச் சட்டைகளையும் வெட்டித் தைப்பது வீண் செலவு. உள்ளே 1 அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டுத் தைத்த இரண்டு சட்டைகளோடு சமாளித்து, இரண்டு மூன்று மாதம் எடை ஒரே நிலையில் நின்ற பின்னர் மற்றவற்றைத் தைக்கலாம். இன்னுமொரு விடயம்: அளவெடுக்கும்போது முன்னில்லாத கட்டியோ, தோலிற் குழிவோ தென்பட்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்ட வேண்டும். அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குகளிலும் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. நிறைந்த மார்புடைய மகள் முதுகைக் கூனி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பதைக் கண்டால், “நிமிர்ந்து நட” என்று கடிந்துகொள்வதோடு நின்றுவிட வேண்டாம். அவளுடைய அளவைத் தாயாரே எடுத்து, பொருந்தும் உள்ளாடையும் சட்டையும் தேடிக் கொடுத்தால் அவள் தானாகவே நிமிர்ந்து நடப்பாள்.

நாம் முதலிற் கூறிய சகோதரி பின்னர் ஆறு அளவுகளையும் எழுதித் தையற்காரியிடம் கொடுத்தார். முதலிற் சாதாரணத் துணியில் ஒரு சட்டையைத் தைத்து, அணிந்து பார்த்துத் திருத்தினர். பின்னரே பட்டுத் துணியை வெட்டினர். அந்தச் சட்டையை அணிந்து, அவ்வுறவினர் வீட்டில் அடுத்து நடந்த பிள்ளையின் முப்பத்தொன்றுக்கு அவர் சால்வையின்றிச் சென்று வந்தார். அவரை மீண்டும் சபையிற் கண்டதில் வீட்டாருக்கு மட்டுமன்றி நமக்கும் மகிழ்ச்சியே.