கொப்புளம் போடாத மண்வெட்டிப் பிடி

ஒரு நாள் முழுக்க வாய்க்கால் வெட்டினால், மறுநாள் சோறு பிசையக்கூட முடியாதபடி கை கொப்பளித்துவிடும். 'பழக்கமில்லாத கை' என்பார்கள். பல நேரம் குறை கையில் இல்லை, பிடியில் இருக்கிறது. கணை, காம்பு என ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் தொல்லை ஒன்றுதான்.

புதுப் பிடிக்குக் கடையிலேயே வார்னிஷ் பூசியிருப்பார்கள். அந்தப் பளபளப்பு விற்பனைக்கு உதவும். வியர்த்த கையில் வழுக்கும். வழுக்குவதால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், தோல் உரியும். அதைச் சுரண்டி எடுத்துவிடுவதே நல்லது. உடைந்த கண்ணாடித் துண்டைத் தடித்த துணியில் பிடித்து, மரத்தின் நார் ஓட்டத்தோடு இழுத்தால் சுருள் சுருளாக வந்துவிடும்.

அடுத்தது பருமன். பிடியைச் சுற்றிப் பிடிக்கும்போது நடுவிரல் நுனி கட்டைவிரலைத் தொட வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே மண்வெட்டியை மாற்றிப் பிடிக்கும் வீடுகளில், மனைவியின் கைதான் அளவாக இருக்க வேண்டும். சற்று மெலிந்த பிடி பெரிய கைக்குப் பழகிவிடும். தடித்த பிடி சிறிய கைக்கு ஒருநாளும் பழகாது. கை படும் இடத்தை மட்டும் மர அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, அடிக்கடி பிடித்துப் பார்க்க வேண்டும். இரும்பு வளையத்துக்கு அருகே தொடக் கூடாது, பிடி முறிவது அங்கேதான். நீளவாக்கில் விரிசல் கண்ட பிடியை இழைத்துப் பயனில்லை. கருவேலத்தில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு 80, 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாள். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார்கள் எழும்பும். அவற்றையும் தேய்த்துவிட்டால் பிறகு சிலாம்பு குத்தாது.

கடைசியாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் மரத்தில் இறுகாது. பழைய இன்ஜின் ஆயில் தோலுக்குக் கெடுதல். பெயின்ட் கடையில் 'பாயில்டு லின்சீட் ஆயில்' எனக் கேட்டால் ஆளிவிதை எண்ணெய் கிடைக்கும். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டு, மூன்று முறை தடவினால் போதும்.

துடைத்த துணியில் கவனம் தேவை. இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். துணியைச் சுருட்டி வைக்கோல் பக்கமோ மாட்டுக்கொட்டகையிலோ போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். உடனே தண்ணீரில் முக்கி, வெட்டவெளியில் தனியாக விரித்துக் காயப்போட வேண்டும்.