எந்த ஊர் நள்ளிரவு?

மார்ச் மாதத் திங்கட்கிழமை, காலை 9.40. பள்ளி ஆய்வகத்தில் ஆறு பிள்ளைகள் ஒரே மடிக்கணினியைச் சுற்றி நிற்கிறார்கள். ரோபோ ஓடும் வீடியோ முந்தைய நாளே தயார். பின்னணிக் குரலை மட்டும் கடைசியாகச் சரிசெய்தார்கள். ‘கடைசி நேரம் 10.30’ என்று கரும்பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது. போட்டித் தளத்தைத் திறந்தால் பதிவேற்றும் பொத்தானே இல்லை.

கரும்பலகையில் எழுதியது நான்தான். ‘அமெரிக்கக் கிழக்கு நேரம் நள்ளிரவு’ என்றது விதிப்புத்தகம். குளிர்காலத்தில் அது நமக்குக் காலை 10.30. ஆனால் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அன்று முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அதே நள்ளிரவு நமக்கு 9.30. நம்மூரில் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லாததால் இது எனக்கு உறைக்கவே இல்லை.

சுருக்கெழுத்துகளும் காலை வாரும். ‘ஐஎஸ்டி’ என்பது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. ‘15ஆம் தேதி நள்ளிரவு 12’ என்றால் 15 தொடங்கும்போதா, முடியும்போதா? 11.59 என்று எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை.

அப்படியானால் அவரவர் ஊர் நள்ளிரவையே கெடுவாக வைத்தால் நியாயம்தானே? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் ஆண்டின் ஆட்டம் வழக்கமாக ஜனவரிச் சனிக்கிழமை ஒன்றில், கிழக்கு நேரம் நண்பகலில் உலகம் முழுவதற்கும் ஒரே நொடியில் வெளியாகிறது. நமக்கு இரவு 10.30. இப்படி ஒரே நொடியில் தொடங்கும் வேலையை உள்ளூர் நேரப்படி முடித்தால், ஹவாய் அணிக்குச் சென்னை அணியைவிட 15½ மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். தொடக்கம் ஒரே நொடி என்றால் முடிவும் ஒரே நொடியாகத்தான் இருக்க வேண்டும். ‘முதலில் வருபவருக்கே இடம்’ என்ற பதிவு வேறு கதை. அதை நம் பின்னிரவில் திறந்தால், தூங்குகிறவர்கள் தோற்றார்கள். அங்கே குலுக்கலோ, ஒருநாள் முழுக்கத் திறந்திருக்கும் பதிவோ கேட்பது நியாயமான கோரிக்கை.

ஆய்வு மாநாடுகளில் ‘பூமியில் எங்கிருந்தாலும்’ என்றொரு முறை உண்டு. உலகில் கடைசியாக நாள் முடியும் மண்டலத்தில் இரவு 11.59 வரை ஏற்பார்கள். நமக்கு மறுநாள் மாலை 5.29. தன் வீட்டு நாட்காட்டியைப் பார்த்து வேலை செய்கிற எவரும் இதில் ஏமாற மாட்டார்கள். பள்ளிப் போட்டிகளுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

வசதியான நேரத்தில் கெடு வைக்கச் சொல்லும் உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. தெளிவான அறிவிப்பும், எல்லா அணிக்கும் ஒரே விதியும் கேட்கலாம். ஒரு அணிக்கு நீட்டித்தால் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். தளம் முடங்கினால், கடிகாரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து, விதி எண்ணைக் குறிப்பிட்டு, கெடு முடியும் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுநாள் அனுப்பும் மடலுக்குப் பாதி மதிப்புகூட இருக்காது.

கட்டணம் வாங்கியவர்கள் அறிவித்த நேரத்துக்கு முன்பே தளத்தை மூடினால், சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். வயது வராத மாணவருக்காகப் பெற்றோர் தரலாம். அமைப்பாளர் வெளிநாட்டவர் என்றால் இதில் பெரிய பலனை எதிர்பார்க்காதீர்கள். தீர்ப்பு வருவதற்குள் போட்டியே முடிந்திருக்கும்.

இன்றே உங்கள் போட்டியின் விதிப்புத்தகத்தைத் திறந்து கெடு நேரத்தைப் பாருங்கள். பக்கத்தில் ‘யூடிசி’ என்ற உலகப் பொது நேரம் இல்லையென்றால், அதைக் கேட்டு அமைப்பாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். பதில் வந்த பிறகு கரும்பலகையில் எழுதலாம்.