ஊசி குத்திய தாள்

"காகிதத்தில்கூட எம்பிராய்டரி போடுகிறார்களாமே, கிழியாதா?" என்று அரூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கிழியும். அந்தக் கலையின் ருசியே அந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தையலைப் பிரித்தால் இழைகள் மறுபடி சேர்ந்துகொள்ளும். தாளில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. குத்தினால் குத்தியதுதான். துளைகள் நெருங்கிவிட்டால், சின்ன வயதில் நான் சேர்த்த தபால்தலைகளின் ஓரம் மாதிரி வரிசையாகப் பிய்ந்து வந்துவிடும். அதனால் கெட்டித் தாளின் அடியில் தெர்மாகோல் வைத்து, எல்லாத் துளைகளையும் முதலிலேயே குத்திவிட்டு, பிறகுதான் நூல் கோக்கிறார்கள். முடிச்சு போட்டால் புடைத்துத் தெரியும்; நூல் நுனியைப் பின்பக்கம் ஒட்டிவிடுவார்கள். அலிகாரில் பிறந்த ஓவியர் ஜரீனா 1970களில் நூலையே விட்டுவிட்டார். ஊசித் துளைகளே அவருடைய சித்திரம். பிரிவினைக்குப் பின் குடும்பம் கராச்சிக்குப் போய்விட, விட்டுவந்த வீட்டைக் கடைசிவரை வரைந்துகொண்டிருந்தவர் அவர்.

ஆனால் அம்மா, உங்கள் அரூர்ப் பக்கத்திலேயே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங் பள்ளத்தாக்கில் தாண்டாக்கள் எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே கதை தலைகீழ். தாளில் வரைந்து பதிப்பதெல்லாம் இல்லை; துணியின் இழைகளை எண்ணிக்கொண்டே கட்டமும் கோணமும் போட்டு, நடுவில் கண்ணாடிச் சில்லைப் பதிக்கிறார்கள். கணக்கு முழுக்க விரல் நுனியில். பெண்கள் புடவைக்கு மாறியதும் பழைய பாவாடை, ரவிக்கையோடு தையலும் போயிற்று. கை மறக்காதவர்கள் ஓரிரு மூதாட்டிகள்தான். 1993 முதல் அங்கே இயங்கும் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மருத்துவ அமைப்பின் டாக்டர் லலிதா ரெஜி தூண்டியதில், 2006இல் 'போர்கை' என்ற கைத்தையல் குழு பிறந்தது. பாட்டிகளிடம் இளம்பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

இதே லம்பாடிகள் தெலங்கானாவில் பழங்குடி, கர்நாடகத்தில் பட்டியல் சாதி, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். யாராவது ஒரு பெண் அந்தச் சாதிச் சான்றிதழின் மேலேயே தன் பாட்டியின் தையலைப் போட்டுக் கண்காட்சிக்கு வைத்தால், பார்க்க முதல் ஆளாக நான் போவேன்.

அதே தையல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போனால் கலை என்கிறோம். தோள்பையில் இருந்தால் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். அடுத்த முறை பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அடிநூல் ஒரே வெள்ளையாக ஓடினால் பெரும்பாலும் மெஷின். முன்பக்க நூலே பின்னாலும் தாவியிருந்தால் கைத்தையல். சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள்.