ஆப்ப சோடா எரிமலையும் கோலி சோடா எரிமலையும்

ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன்னா கண்டிப்பா ஒரு எரிமலை இருக்கும். களிமண்ணுல மலை, நடுவுல சின்ன பாட்டில், அதுக்குள்ள ஆப்ப சோடாவும் சிவப்பு கலரும். வினிகர் ஊத்தினா நுரை பொங்கி வழியும், எல்லாரும் கைதட்டுவாங்க.

இந்த மாடல் ஒரு விஷயத்தைச் சரியா சொல்லுது: பொங்க வைக்கிறது வாயுதான். ஆனா அந்த வாயு எங்கிருந்து வருதுங்கிறதுல தப்பான படம் மனசுல பதிஞ்சிடுது. மாடல்ல சோடாவும் வினிகரும் சேர்ந்த பிறகுதான் கார்பன் டை ஆக்சைடு உருவாகுது. நிஜ எரிமலையில யாரும் எதையும் ஊத்துறதில்ல. பூமிக்கு அடியில இருக்கிற மாக்மாவுல நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு எல்லாம் ஏற்கனவே கரைஞ்சிருக்கு. மேல இருக்கிற பாறையோட அழுத்தம் அதை வெளிய வர விடாம பிடிச்சு வெச்சிருக்கு.

இதுக்குச் சரியான மாடல் கோலி சோடா. கோலி அடைச்சிருக்கிற வரைக்கும் உள்ள பெருசா குமிழி தெரியாது. அதை அழுத்தினதும் அழுத்தம் குறையும், கரைஞ்ச வாயு குமிழியா மாறி சீறும். நாம படிச்ச ஹென்றி விதிதான் இது.

1980 மே 18, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துல செயின்ட் ஹெலன்ஸ் மலையில நடந்ததும் இதேதான். மாக்மா உள்ளிருந்து தள்ளித் தள்ளி வடக்குச் சரிவு வாரக்கணக்கா வீங்கியிருந்தது. அன்னைக்குக் காலையில வந்த நிலநடுக்கத்துல அந்தச் சரிவே பெயர்ந்து விழுந்தது. மூடி திறந்த மாதிரி. மலை பக்கவாட்டில் வெடிச்சு 57 பேர் இறந்தாங்க.

மாக்மாவுல சிலிக்கா அதிகமா இருந்தா குழம்பு கெட்டியாயிடும், வாயு சுலபமா தப்பிக்க முடியாது. ஹவாய் தீவுகள்ல லாவா பெரும்பாலும் அமைதியா ஓடுறதுக்குக் காரணம், அங்க சிலிக்கா குறைவு.

சரி, இந்த வித்தியாசம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? பிலிப்பைன்ஸோட பினாட்டுபோவைப் பாருங்க. 1991 மே மாசம், ரெண்டே வாரத்துல அந்த எரிமலை விட்ட சல்ஃபர் டை ஆக்சைடு சுமார் 10 மடங்கு ஏறுச்சு. ஜூன் தொடக்கத்துல திடீர்னு சரிஞ்சது. ஆப்ப சோடா மாடலை மனசுல வெச்சுப் பார்த்தா, 'சரக்கு தீர்ந்துடுச்சு, இனி பயமில்ல'ன்னு தோணும். விஞ்ஞானிகளுக்கு வேற சந்தேகம் வந்தது: வாயு வர்ற வழி அடைச்சிருக்கலாம், உள்ள அழுத்தம் ஏறிட்டிருக்கலாம். எச்சரிக்கை நிலையை உயர்த்தினாங்க, பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டாங்க. ஜூன் 15-ல மலை பிரம்மாண்டமா வெடிச்சது. நூற்றுக்கணக்கானவங்க இறந்தாங்க, ஆனா ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பிச்சது.

அடுத்த தடவை வீட்டுல தம்பியோ தங்கச்சியோ எரிமலை செய்யச் சொல்லிக் கேட்டா, தாராளமா செஞ்சு கொடுங்க. பக்கத்துல உடைக்காத ஒரு கோலி சோடாவையும் வெச்சு, "இந்த ரெண்டுல எதைப் பார்த்துப் பயப்படணும்?"னு கேளுங்க.